சூடு எங்கிருந்து வர வேண்டும்? ஏசி போர்டில் ஐபிஎம் கழற்றும்போது பேட் பிய்ந்துவிடுகிறது

முகப்புப் பட்டறை (காரைக்குடி)
திங்கள், இரவு 9.15

வணக்கம். கழனிவாசல் பக்கத்தில் வீட்டு முகப்பிலேயே பட்டறை வைத்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஸ்டெபிலைசர், யுபிஎஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, போர்வெல் ஸ்டார்ட்டர் என்று வந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்று கோடையாக இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட் போர்டுகள்தான் அதிகம் வருகின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் சித்திரை பிறப்பதற்கு முன்பே போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

சென்ற வாரம் அப்படி வந்த ஒரு போர்டைக் கெடுத்துவிட்டேன். கம்ப்ரசரை ஓட்டும் ஐபிஎம் (பவர் மாட்யூல்) ஷார்ட்டாகியிருந்தது. ஹாட் ஏரை (சூடான காற்றை ஊதும் கருவி) 420 டிகிரியில் வைத்து, பெரிய நாசிலை மாட்டி, கால்களின் வரிசை மேல் முன்னும் பின்னுமாக ஓட்டினேன். நான்கு நிமிடம் ஆகியும் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்த கால்களில் ஈயம் இளகவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் போர்டு பழுப்பேறி நடுவில் உப்பியது. இழுத்தபோது மூன்று பேட் (கால்களைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டு) கூடவே வந்துவிட்டன. பக்கத்திலிருந்த சின்ன கெபாசிட்டரின் உறையும் சுருங்கிவிட்டது. புதுப் போர்டுக்கான பணத்தை நான்தான் கொடுத்தேன். பணம் போனதைவிட, நம்பிக் கொடுத்தவர் முன்னால் தலைகுனிந்து நின்றதுதான் மனத்தை அறுக்கிறது.

இன்ஃப்ராரெட் ரீவொர்க் ஸ்டேஷன் வாங்கலாமா, கீழிருந்து சூடேற்றும் பிரீஹீட்டர் மட்டும் போதுமா, அல்லது இதைவிட வலுவான ஹாட் ஏர் வாங்கினால் தீருமா? கையில் இருப்பது 60 வாட் ஸ்டேஷன் அயர்ன் (ஈயம் பற்றவைக்கும் கருவி), சாதாரண 700 வாட் ஹாட் ஏர். இன்னொரு தவறு செய்ய வசதி இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நுண்கால் (தேவகோட்டை)
திங்கள், இரவு 9.50

அண்ணே, செல்போன், லேப்டாப் போர்டுகளில் தினமும் ஹாட் ஏர்தான் பிடிக்கிறேன். 700 வாட் கருவி சின்ன ஐசிக்குப் போதும். ஏசி போர்டில் செம்பு தடிமன், அதற்குப் போதாது. 1000 வாட் கருவியாக மாறுங்கள். திரையில் தெரியும் 420 என்பது நாசிலுக்குள் இருக்கும் ஹீட்டரின் சூடு. போர்டைத் தொடும்போது அது எவ்வளவோ குறைந்துவிடும். நாசிலை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தாலே கதை மாறிவிடும்.

இன்னொன்று. வேலை செய்யும்போது மின்விசிறி ஓடியதா?


பழைய வால்வு (பள்ளத்தூர்)
திங்கள், இரவு 10.05

தம்பி, ஹீட்சிங்க்கைக் கழற்றினீர்களா?


முகப்புப் பட்டறை (காரைக்குடி)
திங்கள், இரவு 10.20

நுண்கால் தம்பிக்கு: ஆமாம், விசிறி ஓடியது. இந்த வெயிலில் விசிறி இல்லாமல் முகப்பில் உட்கார முடியவில்லை. வளவிலிருந்தும் (உள்முற்றம்) காற்று வந்துகொண்டேதான் இருக்கும்.

ஐயாவுக்கு: கழற்றவில்லை. போர்டின் அடிப்பக்கத்தில் ஐபிஎம்மோடு திருகி வைத்திருந்த அலுமினியக் கட்டை அப்படியேதான் இருந்தது. திருகு துருவேறிப் போயிருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது நீங்கள் கேட்டவுடன் புரிகிறது.


பழைய வால்வு (பள்ளத்தூர்)
செவ்வாய், காலை 6.40

புரிந்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் மேலே ஊற்றிய சூட்டை அந்தக் கட்டை கீழே குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைத்த மாதிரி. 1000 வாட் இருந்திருந்தாலும் பேட் பிய்ந்துதான் இருக்கும், ஒரு நிமிடம் முன்னதாக.

நான் கறுப்பு வெள்ளை டிவி காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். எந்தக் கருவி வாங்குவது என்று யோசிக்கும் முன் ஒரு கேள்வியை மனத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: எது பிழைக்க வேண்டும், பாகமா, போர்டா? உங்கள் ஐபிஎம் செத்த பாகம். ஷார்ட்டாகிவிட்டது, குப்பைக்குப் போகப் போகிறது. அதை முழுசாக, அழகாக வெளியே எடுக்க எதற்காக ஐந்து நிமிடம் போர்டை வறுத்தீர்கள்? கூர்மையான கட்டரால் கால்களை ஒவ்வொன்றாக நறுக்கி உடலைத் தூக்கி எறிந்துவிடலாம். பிறகு போர்டில் நிற்பது தனித்தனிக் கால் மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் அயர்னை வைத்து, புது ஈயம் கொஞ்சம் ஊட்டி, இளகியவுடன் சிறு இடுக்கியால் உருவி எடுங்கள். ஒரு காலுக்கு மூன்று நான்கு வினாடி. போர்டின் மற்ற பகுதிக்குச் சூடு பட்டதே தெரியாது. எந்த ஸ்டேஷனும் வாங்காமல் இதைச் செய்யலாம்.

பாகம் பிழைக்க வேண்டும் என்றால் அது வேறு கதை. கழற்றி வேறு போர்டில் போட வேண்டிய புரோகிராம் செய்த ஐசி, கிடைக்காத பழைய பாகம், இவற்றுக்கு எல்லாக் காலும் ஒரே நேரத்தில் இளக வேண்டும். அங்கேதான் ஹாட் ஏரும் பிரீஹீட்டரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. அந்த போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 230 வோல்ட்டை டிசியாக்கினாலே 325 வருகிறது. கைவைப்பதற்கு முன் 100 வாட் குண்டு பல்பை இரு முனையிலும் தொட்டு வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.


மூன்றாமாண்டு (காரைக்குடி)
செவ்வாய், காலை 8.10

ஐயா, கல்லூரித் திட்டப்பணிக்காக நாங்கள் கேக் சுடும் சிறிய மின்னடுப்பை, ஈயப் பசையை உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பாக மாற்றி வைத்திருக்கிறோம். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள், ரிலே, சிறிய கண்ட்ரோலர் எல்லாம் போட்டு, சூடு படிப்படியாக ஏறும்படி செய்திருக்கிறோம். அடுப்பில் வைத்தால் முழு போர்டும் சமமாகச் சூடாகிறதே, அதில் வைத்து ஐபிஎம்மை எடுக்க முடியாதா?


கண்டனூரான் (சிங்கப்பூர்)
செவ்வாய், காலை 9.30

தம்பி, உங்கள் அடுப்பு புது போர்டு செய்வதற்கு நல்ல கருவி. பழுதுபார்ப்புக்கு அதைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். நான் இங்கே போர்டு உற்பத்தி வரிசையில் பல ஆண்டு வேலை பார்க்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

காரீயம் கலக்காத பற்றவைப்பு ஈயத்தில் அதிகம் புழங்குவது சாக்305 என்ற கலவை. வெள்ளீயம் 96.5 சதவீதம், வெள்ளி 3, செம்பு 0.5. இது 217 டிகிரியில் இளகத் தொடங்கி 220-க்குள் முழுதும் உருகிவிடும். இந்த வகை ஈயப் பசை பூசிய போர்டு எங்கள் அடுப்புக்குள் போகும்போது வினாடிக்கு ஒன்று முதல் மூன்று டிகிரிக்கு மிகாமல் ஏறும். 150-க்கும் 200-க்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிடம் ஊறும். பிறகு உச்சம் 235 முதல் 250 வரை. ஈயம் உருகிய நிலையில் இருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். இதைத் தாங்கும்படி தயாரித்த பாகங்கள் மட்டும்தான் அதற்குள் போகின்றன. ஏசி போர்டில் நிற்கும் உயரமான கெபாசிட்டர், ரிலே, பிளாஸ்டிக் கனெக்டர், டிரான்ஸ்ஃபார்மர் இவையெல்லாம் பிறகு தனியாக, அடியில் மட்டும் உருகிய ஈயம் படும்படி பற்றவைக்கப்பட்டவை. முழு போர்டையும் 240-க்குக் கொண்டுபோனால் ஐபிஎம் வருவதற்கு முன் கெபாசிட்டர் வெடிக்கும், கனெக்டர் வழியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காரீயத் தடை 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வந்த போர்டுகளில் பெரும்பாலும் 63/37, அதாவது வெள்ளீயம் 63, காரீயம் 37 சேர்ந்த ஈயம். அது 183 டிகிரியில் சட்டென்று இளகும். பழைய டிவியில் 25 வாட் அயர்ன் பாடுபடாமல் செய்த வேலைக்கு இன்று நாம் திண்டாடுவதில் அந்த 34 டிகிரி வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) போர்டின் பிசின் 130, 140 டிகிரியைத் தாண்டினாலே இறுக்கம் தளர்ந்து தடிமனில் விரியத் தொடங்கிவிடுகிறது. செம்பைப் பிடித்திருக்கும் பிடியும் தளர்கிறது. ஆக நாம் எப்போதுமே போர்டு பலவீனமாக இருக்கும் சூட்டில்தான் வேலை செய்கிறோம். அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறோம், எவ்வளவு வலுவாக இழுக்கிறோம் என்பதுதான் பேட் நிற்குமா பிய்யுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்ஃப்ராரெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் காற்றின் வேகம் இல்லை, சின்ன பாகங்கள் பறக்காது, பெரிய பரப்பைச் சீராகச் சூடேற்றும். ஆனால் அது கதிர். கறுப்பு நிற ஐசி உடல் அதை நன்றாக உறிஞ்சும், பளபளக்கும் காலும் ஈயமும் திருப்பி அனுப்பிவிடும். இளக வேண்டிய இடம் பின்தங்கி, காப்பாற்ற வேண்டிய சிப் முந்திவிடும். ஆகவே மேலிருந்து இன்ஃப்ராரெட் அடிப்பதை நான் இங்கே பரிந்துரைக்கமாட்டேன். கீழிருந்து மிதமாகப் போர்டைச் சூடேற்ற அது அருமையான முறை.

உங்களுக்கு வேண்டியது பிரீஹீட்டர். ஆனால் ஐபிஎம்முக்காக அல்ல, பள்ளத்தூர் ஐயா சொன்ன வழியே அதற்குச் சரி. கால்களை உருவிய பிறகு துளைகளில் நிற்கும் ஈயத்தை உறிஞ்சவும், புது மாட்யூலைப் பற்றவைக்கவும்தான் அது உதவும். போர்டு 100, 110 டிகிரியில் நின்றால் அயர்ன் மிச்சச் சூட்டை மட்டும் கொடுத்தால் போதும்.


நுண்கால் (தேவகோட்டை)
செவ்வாய், பகல் 1.15

ஐயா சொல்வது காலுள்ள பாகத்துக்குச் சரி. என் மேஜைக்கு வருவனவற்றில் பாதிக்குக் காலே கிடையாது. ஐசியின் வயிற்றுக்கு அடியில் ஈயம். எதை நறுக்குவது? அதனால்தான் ஹாட் ஏரைக் குறைத்துச் சொல்லும்போது வருத்தமாக இருக்கிறது.


பழைய வால்வு (பள்ளத்தூர்)
செவ்வாய், பகல் 2.00

குறைத்துச் சொல்லவில்லை தம்பி. வயிற்றுக்கு அடியில் ஈயம் இருக்கும் ஐசிக்கு என் 60 வாட் அயர்ன் எதற்கும் உதவாது, அங்கே உங்கள் கருவிதான். பட்டறைக்கார தம்பியின் கையில் இருந்தது உங்கள் வகை வேலை அல்ல என்றுதான் சொன்னேன்.

நகை செய்யும் பத்தரின் ஊதுகுழலைப் பார்த்திருப்பீர்கள். கழுத்திருவின் (நகரத்தார் திருமணக் கழுத்தணி) உருப்படிகளில் பொடி வைத்து ஊதும்போது சுடரை ஊசிமுனையாக்கி, வேண்டிய இடத்தை மட்டும் தொட்டுவிட்டு எடுத்துவிடுவார். உங்கள் ஹாட் ஏர் அந்த ஊதுகுழல். அதை வைத்து அண்டாவைச் சூடாக்க முடியாது.


சிவப்புத் தரை (புதுவயல்)
செவ்வாய், மாலை 4.45

அண்டா என்றவுடன் எழுதத் தோன்றியது. நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து எல்இடி பல்பு, தெருவிளக்குத் தகடுகள் பழுதுபார்க்கிறோம், புதிதாகவும் கோக்கிறோம். எங்கள் தகடு அலுமினியம். ஒரு எல்இடி செத்தால் அதை அயர்னால் எடுக்கவே முடியாது. எவ்வளவு சூடு வைத்தாலும் தகடு முழுக்கப் பரவிப் போய்விடும். ஹாட் ஏரில் மேலிருந்து அடித்தால் எல்இடியின் மஞ்சள் பூச்சு கறுத்துவிடும்.

நாங்கள் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அசையாமல் மரச்சட்டத்தில் பொருத்தி, அதன்மேல் தகட்டை வைக்கிறோம். கீழிருந்து சூடு ஏறி ஒன்றரை நிமிடத்தில் எல்லா ஈயமும் ஒரே சமயத்தில் மின்னும். அந்த மினுமினுப்பைக் கண்டவுடன் இடுக்கியால் எடுத்து, புதியதை வைத்து, தகட்டை ஓரமாக நகர்த்திக் குளிர்ந்த கல்லின்மேல் தள்ளிவிடுவோம். பெட்டியின் தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பக்கூடாது, அது விட்டு விட்டு எரிவதில் சூடு அதிகமாகவே ஏறி இறங்குகிறது. மீட்டரோடு வரும் கே வகை தெர்மோகப்பிளைத் தகட்டில் ஒட்டிப் பார்த்துக்கொள்கிறோம். பெட்டிக்குக் கண்டிப்பாக எர்த் கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. சூடு குறையட்டும் என்று 138 டிகிரியில் உருகும் ஈயப் பசை வாங்கினோம். புதுத் தகடுகளில் நன்றாக இருந்தது. பழைய தகடுகளில் அதை வைத்து மாற்றிய எல்இடிகள் மூடிய விளக்குக்குள் போனபின் சில கழன்றே விழுந்துவிட்டன. உள்ளே 138 டிகிரி எல்லாம் வராது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.


வெள்ளீயம் (காரைக்குடி)
செவ்வாய், இரவு 8.30

அம்மா, உங்கள் கேள்விக்கு விடை என்னிடம் இருக்கிறது. மின்வேதியியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்.

138 டிகிரிப் பசை என்பது வெள்ளீயம் 42, பிஸ்மத் 58 சேர்ந்த கலவை. பழைய தகட்டில் மிச்சமிருந்தது காரீயம் கலந்த ஈயம். வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை பிறக்கிறது. கொதிக்கும் தண்ணீரிலேயே இளகிவிடும். மூடிய விளக்கின் தகடு அந்தச் சூட்டை எட்டுவது அரிதல்ல. ஆகவே பழைய தகட்டில் 63/37 பசையையே பயன்படுத்துங்கள். பிஸ்மத் பசைதான் வேண்டும் என்றால் பழைய ஈயத்தை விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து முழுவதும் துடைத்தெடுத்த பிறகே. ஏற்கெனவே மாற்றிக் கொடுத்தவை இருந்தால் திருப்பி வாங்கிச் சரிசெய்துவிடுங்கள், தெருவிளக்கு உயரத்திலிருந்து எதுவும் விழக்கூடாது.

பட்டறைக்காரத் தம்பிக்கும் இதில் செய்தி உண்டு. பாகம் கழற்றுவதற்கென்றே விற்கும் குறைசூட்டு ஈயத்தில் பெரும்பாலும் பிஸ்மத் இருக்கும். கழற்ற அது அருமையானது. ஆனால் கழற்றிய பிறகு ஒரு துளிகூட மிச்சம் வைக்கக்கூடாது.

இவ்வளவு நேரம் எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசினோம். சூடு பாதி வேலைதான், மீதி வேதியியல். என் சிறுவயதில் கோட்டையூரில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். தரையில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை மிதிப்பார். கல்யாணத்துக்கு இறக்கிய பித்தளை அண்டாக்களும் தவலைகளும் வரிசையில் நிற்கும். அண்டாவை ஒரே இடத்தில் காட்டமாட்டார். இடுக்கியால் சுற்றிக்கொண்டே இருப்பார். முழுப் பாத்திரமும் சமமாகச் சூடானபின் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். அந்தக் கணத்தில் வெள்ளீயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுற்று. உள்பக்கம் முழுக்க வெள்ளியாகிவிடும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி. அவரிடம் தெர்மாமீட்டர் கிடையாது. நவச்சாரம் எப்படிப் புகைகிறது என்பதில் சூட்டைப் படித்தார்.

நவச்சாரம் செய்த வேலை என்ன? பித்தளை மேல் படிந்த ஆக்சைடு படலத்தைத் தின்றது. உலோகம் வெறும் உலோகமாக நின்றால்தான் ஈயம் அதை நனைக்கும். நம் போர்டில் அதைச் செய்வது ஃபிளக்ஸ். ஹாட் ஏரை ஐந்து நிமிடம் பிடித்தபோது ஃபிளக்ஸ் முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே எரிந்து தீர்ந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு வினாடியும் ஈயத்தின் மேல் தோல் தடிக்கிறது. சூடு கூட்டக் கூட்ட வேலை கடினமாகிறதே என்று நாம் மேலும் கூட்டுகிறோம். பழுப்பேறுவது இப்படித்தான். வேலை இழுத்தால் கருவியை எடுத்துவிட்டு, ஆறவைத்து, புது ஃபிளக்ஸ் தடவி மறுபடி தொடங்குங்கள். ஆனால் நவச்சாரத்தையோ, தகர வேலைக்கு விற்கும் அமிலப் பசையையோ போர்டுக்குக் கொண்டுவராதீர்கள். அவற்றின் மிச்சம் ஈரத்தை உறிஞ்சிச் செம்பை அரிக்கும். போர்டுக்கு ரோசின் (மரப்பிசின்) வகை ஃபிளக்ஸ்தான்.

போர்டு நடுவில் உப்பியது என்றீர்களே, அது பெரும்பாலும் உள்ளே இருந்த ஈரம். வெளி யூனிட் போர்டு ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. பிசின் அடுக்குகளுக்குள் இருக்கும் நீர் திடீரென்று ஆவியானால் அடுக்குகளைப் பிளக்கும். வேலைக்கு முன் 80 டிகிரி அளவில் ஓர் இரவு வைத்து உலர்த்துங்கள். மூன்றாமாண்டுத் தம்பியின் அடுப்பு இதற்கு மிகவும் பொருத்தமானது.


மூன்றாமாண்டு (காரைக்குடி)
செவ்வாய், இரவு 9.05

ஐயா, எங்கள் அடுப்பை 80 டிகிரியில் நிறுத்த முடியும். பட்டறைக்கார அண்ணனுக்கு எப்போது வேண்டுமானாலும் தருகிறோம். தெர்மோகப்பிள்களும் நான்கு இருக்கின்றன.


கண்டனூரான் (சிங்கப்பூர்)
புதன், காலை 7.20

அயர்னைப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 60 வாட் என்ற எண் முக்கியம், ஆனால் முனையின் வடிவம் அதைவிட முக்கியம். ஊசிமுனை வைத்துக்கொண்டு செம்புப் பரப்போடு போராடுகிறவர்கள் 450 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறார்கள். முனை கறுத்து ஈயம் ஒட்டாமல் போகிறது. உளிபோல் அகன்ற முனையை மாட்டி 360-இல் வைத்தால் அதே கால் மூன்று வினாடியில் இளகும். பாயும் சூட்டின் அளவு வேறு, டிகிரியின் உயரம் வேறு. ஊசிமுனை வழியாகக் குறைவாகத்தான் பாயும்.

வெல்லர் பழைய மேக்னாஸ்டாட் அயர்ன்களில் முனையின் அடியில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். குறிப்பிட்ட சூட்டில் அது காந்தத் தன்மையை இழந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மெட்கல் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதே தத்துவத்தை முனைக்குள்ளேயே கொண்டுவந்தது. காந்த உலோகப் படலம் அந்தச் சூட்டைத் தொட்டவுடன் மின்னோட்டம் உள்ளிருக்கும் செம்புக்குப் போய்விடும், சூடாவது குறையும். முனை எங்கே குளிர்கிறதோ அங்கேயே உடனே மீண்டும் சூடு பிறக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் நீங்கள் இன்ஃப்ராரெட் ஸ்டேஷனுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஹீட்டரும் முனையும் ஒன்றாக இருக்கும் கார்ட்ரிட்ஜ் வகை அயர்ன் ஒன்றும், எளிய பிரீஹீட்டர் ஒன்றும் வாங்கினால் உங்கள் வேலைக்கு அவைதான் அதிகம் உழைக்கும்.


பழைய வால்வு (பள்ளத்தூர்)
புதன், காலை 8.00

அதோடு மின்னழுத்தம். எங்கள் தெருவில் இரவு ஏழு மணிக்கு 180 வோல்ட்தான் வரும். நேரடியாகச் சுவரில் செருகும் 25 வாட் அயர்ன் அப்போது 15 வாட்தான் கொடுக்கும். வோல்ட் குறைந்த கணக்கின் இருமடிப்படி சூடு குறையும். காலையில் நன்றாக வந்த ஜாயிண்ட் மாலையில் டிரை சால்டர் (சரியாக ஒட்டாத பற்று) ஆவது கைக் குற்றமில்லை. பெரிய வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.


முகப்புப் பட்டறை (காரைக்குடி)
ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் இன்னொரு வெளி யூனிட் போர்டு வந்தது, அதே பழுது. என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

வெள்ளி மாலை கெபாசிட்டர்களைப் பல்பால் வடித்தேன். துருவேறிய திருகுகளில் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, ஹீட்சிங்க்கைக் கழற்றிவிட்டேன். போர்டு மேல் பூசியிருந்த கண்ணாடி போன்ற பூச்சை, கால்களைச் சுற்றி மட்டும், கரைப்பானும் மரக்குச்சியும் வைத்துச் சுரண்டினேன். சென்ற முறை அதைச் சூட்டாலேயே எரித்தேன். அந்தப் புகை இரண்டு நாள் தொண்டையில் நின்றது. மூன்றாமாண்டுத் தம்பி அடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். போர்டு இரவு முழுக்க 80 டிகிரியில் இருந்தது.

சனி காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். கால்களை நறுக்கியதற்கு இருபது நிமிடம் ஆனது. மாட்யூல் கையில் வந்தபோது போர்டு இன்னும் குளிர்ந்தே இருந்தது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. பிறகு விசிறியை நிறுத்தி, வளவுப் பக்கக் கதவைச் சாத்தி, புகை போக ஒரு சிறிய விசிறியை மட்டும் வெளிநோக்கி வைத்தேன். பிரீஹீட்டர் இன்னும் வாங்கவில்லை. ஹாட் ஏரையே 150-இல் வைத்து, போர்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி நிறுத்தி, நாசில் இல்லாமல் கீழிருந்து அரை அடி தள்ளிப் பிடித்தார் தம்பி. கெபாசிட்டர்களை அலுமினியத் தாளால் மூடினோம். மேலே ஒட்டிய தெர்மோகப்பிள் 100-ஐத் தொட எட்டு நிமிடம் ஆயிற்று. அகன்ற முனையை 360-இல் வைத்து, ஃபிளக்ஸ் தடவி, ஒவ்வொரு காலுக்கும் கொஞ்சம் 63/37 ஊட்டி உருவினேன். சென்ற முறை நான்கு நிமிடம் அசையாத அந்தச் செம்புப் பரப்புக் கால்கள் இந்த முறை ஐந்து வினாடியில் வந்துவிட்டன. ஒரு பேட்கூடத் தளரவில்லை. ஒரு துளையில் மட்டும் ஈயம் அடைத்துக்கொண்டு நின்றது. மேலும் சூடேற்றாமல், ஆறவைத்து, புது ஃபிளக்ஸ் போட்டு மறுபடி உறிஞ்சியதும் திறந்துவிட்டது. புது மாட்யூலுக்கு அதே சூடு, அதே முனை. கடைசியாக ஹீட்சிங்க்குக்குப் புது வெப்பக் கடத்திப் பசை தடவி முறுக்கினேன்.

இன்று மதியம் கானாடுகாத்தானில் மாட்டிவிட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கம்ப்ரசர் சீராக ஓடுகிறது.

இன்ஃப்ராரெட் ஸ்டேஷன் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கார்ட்ரிட்ஜ் அயர்னுக்குச் சொல்லியிருக்கிறேன், பிரீஹீட்டர் அடுத்த மாதம்.


சிவப்புத் தரை (புதுவயல்)
ஞாயிறு, இரவு 9.10

மகிழ்ச்சியாக இருக்கிறது தம்பி. நாங்களும் 138 பசை வைத்து மாற்றிய விளக்குகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறோம், இன்னும் பதினான்கு பாக்கி. வெள்ளீயம் ஐயா, 63/37 பசைக்கு மாறினால் கைகழுவுவதில் இன்னும் கவனம் வேண்டுமா? எங்களில் இருவர் கைக்குழந்தைக்காரர்கள்.


வெள்ளீயம் (காரைக்குடி)
ஞாயிறு, இரவு 9.35

கட்டாயம் வேண்டும் அம்மா. இந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகி மூக்குக்கு வராது. வருவது ஃபிளக்ஸ் புகை, அது ஆஸ்துமாவைக் கிளப்பும். காரீயம் கை வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. வேலை மேஜையில் சாப்பாடு, தேநீர் எதுவும் வேண்டாம். எழுந்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேலைக்கென்று ஒரு மேலங்கி வைத்துக்கொண்டு, அதை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, பிறகு குழந்தையைத் தூக்குங்கள். அந்த இரண்டு பெண்களையும் பற்றவைப்பதிலிருந்து விலக்கி, சோதனை செய்யும் வேலைக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. புதுத் தகடுகளுக்குக் காரீயமில்லாத பசையே போதும், பழையவற்றுக்கு மட்டும் 63/37.


பழைய வால்வு (பள்ளத்தூர்)
திங்கள், காலை 6.30

பட்டறைக்காரத் தம்பி, முதல் போர்டைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். பேட் பிய்ந்த இடத்தில் டிராக்கைச் (செம்புத் தடம்) சுரண்டி ஒயர் கொடுத்தால் பழகுவதற்காவது ஆகும். அடுத்த ஞாயிறு நான் காரைக்குடி வருகிறேன், எடுத்து வையுங்கள்.